அழுத்தினால் நின்றுவிடும் மெஷின்

சின்ன வயதில் எனக்குப் பயப்படத் தெரிந்த அளவுக்கு வேறு எதுவும் தெரியாது. குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்றாலே வாசலுக்கு ஓடிவிடுவேன். வயல் பக்கம் எங்கேயாவது மூடாத போர் குழி இருக்கும், நான்தான் சரியாகப் போய் அதில் விழுவேன் என்று நினைத்து வரப்பில் காலே வைக்கமாட்டேன். திருச்சியில் ஒரு ஜவுளிக் கடையில் நகரும் படிக்கட்டைப் பார்த்துவிட்டு நான் போட்ட கூப்பாட்டில், கடைக்காரர்களே எங்களைச் சரக்கு ஏற்றுகிற லிஃப்டில் மேலே அனுப்பிவைத்தார்கள். இவளை எந்த நேரத்தில் பெற்றேனோ என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அப்பேர்ப்பட்ட என்னை ஒரு மெஷின் வாங்கப் போகும்போது கையோடு கூட்டிக்கொண்டு போனார்கள்.

மெஷின் அக்காவுக்கு. என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவள். ஐ.டி.ஐ. படித்து முடித்தவள், மாட்டை விற்ற பிறகு காலியாகக் கிடந்த கொட்டகையைக் கழுவிவிட்டு அதில் மரவேலை தொடங்கியிருந்தாள். நடைவண்டி, முக்காலி, பிள்ளைகள் அடுக்கி விளையாடுகிற கட்டைகள் என்று அவள் செய்வதையெல்லாம் அறந்தாங்கியில் ஒரு கடைக்காரர் வாங்கிக்கொண்டார். அறுப்பதும் பொருத்துவதும் அவளுக்குச் சுலபம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான் உயிரை எடுக்கும். பிள்ளைகள் வாயில் வைக்கிற சாமான், ஒரு சிராய்கூட இருக்கக்கூடாது என்று பொழுதெல்லாம் தேய்ப்பாள். தேய்த்துத் தேய்த்து விரல் ரேகையே அழிந்துபோய், ரேஷன் கடையில் விரலை வைத்தால் அந்தப் பெட்டி இவளை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது.

கைதான் அப்படி. முடியோ ஊருக்கே தெரிந்த முடி. அவிழ்த்துவிட்டால் தொடையைத் தொடும். அம்மா வாரம் தவறாமல் எண்ணெய் காய்ச்சி, செம்பருத்தி இலை அரைத்துத் தேய்த்து, பெற்ற பிள்ளையைவிடப் பெரிதாக வளர்த்த முடி அது. நான் அக்காவின் பின்னல் நுனியைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவேன். என் தலையில் இருந்தது எலி வால். அதில் எனக்குப் பொறாமை கிடையாது. அக்கா முடியும் வீட்டுச் சொத்துதானே என்று நினைத்துக்கொள்வேன்.

வினை அந்த முடியில்தான் வந்தது. ஒரு கல்யாண வீட்டில் அக்காவைப் பின்னாலிருந்து பார்த்த ஓர் அம்மாள், சிங்கப்பூரில் இருக்கும் தன் மகனுக்கு இந்தப் பெண்தான் என்று அங்கேயே முடிவுகட்டிவிட்டார். முகத்தை அதற்கப்புறம்தான் பார்த்தாராம். பேச்சு பெரியப்பா மூலமாக வந்தது. பெரியப்பா எங்களைக் கேட்காமலே சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வந்து தகவல் சொன்னார். அப்பா ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் வண்டி ஓட்டுகிறவர்; நடுரோட்டில் லாரிக்காரனோடு மல்லுக்கு நிற்பார், அண்ணன் முன்னால் மட்டும் தலையைச் சொறிவார். அந்த வண்டியே பெரியப்பா வாங்கிக் கொடுத்ததுதான். மாப்பிள்ளை வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை: கல்யாணத்துக்கு அப்புறம் பெண் அவர்கள் வீட்டோடு இருக்க வேண்டும், தச்சு வேலையெல்லாம் கூடாது.

அன்று சாயங்காலம் நான் அடுப்படி வாசலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளே அக்கா மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது.

"எனக்கு வேணாம்மா."

அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, "பெரியப்பா வாக்குக் குடுத்துட்டாரு. ஒங்க அப்பா வாயத் தொறக்க மாட்டாரு. நான் சொன்னா யாரு கேப்பா?" என்றாள்.

அக்கா கொட்டகைக்குப் போய்த் தேய்க்க ஆரம்பித்தாள். அக்கா போய்விட்டால் நான் எதைப் பிடித்துக்கொண்டு தூங்குவது என்பதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த கவலை.

பெண் பார்க்க வருகிற நாள் குறித்தானதும் அம்மா ஒரு யோசனை சொன்னாள். வருகிறவர்கள் கையைப் பார்ப்பார்களே, உப்புத்தாள் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்ந்த வறட்டி மாதிரி கிடக்கிறதே, கைவசம் இருக்கிற வேலையை முடிக்க ஒரு தேய்க்கிற மெஷின் வாங்கினால் அதற்குள் கை ஆறிவிடுமே என்றாள். பெரியப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. கல்யாணம் முடிந்ததும் விற்றுவிடலாம் என்று அவரே சம்மதம் கொடுத்தார். கல்யாணத்துக்காகச் சிலர் நகை வாங்குவார்கள்; நாங்கள் சாண்டிங் மெஷின் வாங்கினோம்.

அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. போனில் படம் படமாக எடுத்துவைத்துக்கொண்டு, பட்டை ஓடுகிறதா, தட்டு சுழல்கிறதா, எண்பது நம்பர் தாளா, நூற்றிருபது நம்பர் தாளா என்று ஓயாமல் பேசினாள். எனக்கோ அன்றிலிருந்து தூக்கம் போனது. எங்கள் வகுப்பில் ஒருத்தி, மாவு மில்லில் பெல்ட்டில் முடி மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் கதையைச் சொல்லியிருந்தாள். கதையின் முடிவை நான் கேட்கவில்லை, காதைப் பொத்திக்கொண்டேன். பொத்திக்கொண்டதால் அந்த முடிவை விதவிதமாக நானே யோசிக்க வேண்டியதாகிவிட்டது. அம்மாவிடம் சொன்னேன், அப்பாவிடம் சொன்னேன், வீட்டுக்கு வந்த பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டும் சொன்னேன்: மெஷின் அக்கா முடியைப் பிடித்து இழுத்துவிடும். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

புதுக்கோட்டையில் அந்தக் கடைக்கு அம்மா, அக்கா, நான் மூன்று பேரும்தான் போனோம். கடைக்காரர் வயதானவர், பொறுமைசாலி. முதலில் ஒரு பெரிய மெஷினைக் காட்டினார். இரும்பு உடம்பு, ஒரு பக்கம் உப்புத்தாள் பட்டை உருளைகள் மேல் ஓடும், இன்னொரு பக்கம் உப்புத்தாள் ஒட்டிய தட்டு சுழலும். சுவிட்சைப் போட்டதும் என் காலடியில் தரை அதிர்ந்தது. ஒரு வேப்பங்கட்டையை அதில் அழுத்தினார்; ஓட்டம் கொஞ்சமும் குறையவில்லை, தூள் பறந்தது. அக்காவுக்கு அதைவிட்டுக் கண்ணெடுக்க முடியவில்லை. நான் அம்மாவின் சேலைக்குள் போய்விட்டேன்.

"அண்ணே, இதுல முடி மாட்டுனா என்னாகும்?" என்று கேட்டாள் அம்மா.

கடைக்காரர் திகைத்துப்போனார். கொண்டை போட்டு, துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது என்றார். அம்மா விடவில்லை. தப்பித்தவறி மாட்டினால் என்று மறுபடி கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார், அக்காவின் பின்னலைப் பார்த்தார், கடைசியில் மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட் நூல் குவியலிலிருந்து ஒரு கற்றையை உருவி, பட்டையும் உருளையும் சேருகிற இடத்தில் நுனியைக் காட்டினார். நான் கண்ணை மூடுவதற்குள் அது உள்ளே போய்விட்டது. மெஷின் எதுவுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா மூலையில் இருந்த ஒரு சின்ன மெஷினைக் காட்டினாள். மேசையில் திருகி மாட்டிக்கொள்கிற மாதிரி, கையகலப் பட்டை ஒன்று மட்டும் உள்ளது. கடைக்காரர் கொஞ்சம் கூச்சத்தோடு அதை எடுத்துவைத்தார். வேஸ்டின் நுனியை அதிலும் காட்டினார். பட்டை விரல் நீளம் இழுத்தது, உறுமியது, நின்றுவிட்டது. அவர் சுவிட்சை அணைத்து, பட்டையைப் பின்பக்கமாகத் தள்ள, வேஸ்ட் முழுசாகக் கையோடு வந்தது.

"இதுக்குச் சக்தி பத்தாதும்மா. கட்டையக் கொஞ்சம் அழுத்துனாலே நின்னுரும். வேலை பாக்குறவங்க யாரும் வாங்க மாட்டாங்க."

"அப்ப இதையே குடுங்க" என்றாள் அம்மா.

அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். இதில் ஒரு முக்காலி தேய்க்கிற நேரத்தில் அதில் நாலு தேய்க்கலாம், இது பொம்மை என்றாள். அம்மா காதிலேயே வாங்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். நான் அட்டைப்பெட்டியிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்தேன். அது நின்றதை என் கண்ணால் பார்த்திருந்தும், என் மனதில் இருந்தது பெரிய மெஷின் வேஸ்டை விழுங்கியதுதான். பயந்தவளுக்குச் சின்னது என்ன, பெரியது என்ன.

மெஷின் வந்த பிறகு என் வேலை கூடிவிட்டது. பள்ளிக்கூடம் போகுமுன் அக்காவுக்கு நானே பின்னி, அந்தப் பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டு, வீட்டில் இருந்த ஹேர்பின்னையெல்லாம் குத்தி, மேலே துண்டைக் கட்டிவிட்டுத்தான் கிளம்புவேன். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது அந்த உறுமல் காதில் கேட்கும். மணி அடித்ததும் பையை மார்போடு பிடித்துக்கொண்டு ஓட்டமாக ஓடிவந்து, அக்கா முழுசாக இருக்கிறாளா என்று பார்த்த பிறகுதான் மூச்சு விடுவேன்.

பெண் பார்க்க வருகிறவர்கள் வருவதற்கு முந்தின நாள். ஓடி வந்த எனக்குக் கொட்டகையில் சத்தம் கேட்கவில்லை. அக்கா மெஷினுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்துக்கு மேலே குட்டையாக, ஏறியும் இறங்கியும் முடி. அம்மா தரையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஒரு மஞ்சள் துணியின் மேல் பின்னல் கிடந்தது. கீழ் நுனியில் காலையில் நான் கட்டிய ரப்பர் பேண்டு; மேல் நுனியில் யாரோ இறுக்கிக் கட்டிய நூல். ஒரு பொட்டு மரத்தூள் அதில் இல்லை. இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஐயோ என்று நான் அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது.

முடி பட்டையில் சுற்றிக்கொண்டது, ஆளைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் வெட்டி எடுத்தேன் என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். பெரியப்பா வந்தார். யாரும் வாயைத் திறக்குமுன், நான் அன்றைக்கே சொன்னேனே, நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு புரண்டு அழுதேன். ஆமாம், பிள்ளை சொல்லிக்கொண்டேதானே இருந்தது, நாம்தான் கேட்கவில்லை என்று அவருக்கே கண் கலங்கிவிட்டது. கடையில் அந்த மெஷின் நின்றதை அம்மாவையும் அக்காவையும் தவிரப் பார்த்திருந்தவள் நான் ஒருத்திதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் குலைந்திருக்கும். சொல்லவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. என் அழுகையைவிடப் பெரிய சாட்சி அன்று யாருக்கும் தேவைப்படவும் இல்லை.

மறுநாள் அந்த அம்மாள் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்தார். அக்காவின் தலையைப் பார்த்தார். உயிர் தப்பியதே பெரிய காரியம் என்றார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டொரு நாளில், ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். பெரியப்பா அதற்கப்புறம் கொஞ்ச காலத்துக்கு யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அக்காவின் கொட்டகை நிலைத்தது; இன்றைக்கு அதில் மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். பெரிய மெஷினும் பின்னால் வந்தது. அக்கா முடியைக் கழுத்தோடு நிறுத்திக்கொண்டாள். பிற்பாடு அவளைக் கட்டிக்கொண்டவர் முகத்தைத்தான் முதலில் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

காலேஜ் படிக்கும்போது ஒரு விடுமுறையில், தோசைத் திருப்பியின் மரப்பிடியைச் சரிபண்ண நானே அந்தச் சின்ன மெஷினில் உட்கார்ந்தேன். குனிந்தபோது துப்பட்டா நுனியைப் பட்டை கவ்வியது. உயிர் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அது விரல் நீளம் இழுத்தது, உறுமியது, நின்றுவிட்டது. சுவிட்சை அணைத்தேன். துப்பட்டா முழுசாகக் கையோடு வந்தது. பிறகு அடுப்படிக்குப் போனேன். அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது நின்னுருச்சும்மா" என்றேன்.

அம்மா தலை நிமிரவில்லை. "நிக்கும்னுதானே அத வாங்குனோம்" என்றாள்.

முடி போன அன்று சாயங்காலம், கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, அந்த மெஷினைத் தூக்கிக் கண்மாயில் போடச் சொல்லி அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டேன். அவள் என்னை விலக்கிவிட்டு எழுந்து, தான் வருஷக்கணக்காக எண்ணெய் வைத்து வளர்த்த பின்னலை மஞ்சள் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே தலைப்பால் மெஷினையும் துடைத்தாள். "அதத் திட்டாதடி. அது என்ன பண்ணுச்சு, பாவம்" என்றாள். அக்கா அப்போது சிரித்தாள். முடியையும் பறிகொடுத்துவிட்டு இவர்களுக்கு அந்த மெஷின் மேல் இவ்வளவு இரக்கம் எதற்கு என்று அன்றைக்கு எனக்கு விளங்கவேயில்லை.