காது வெட்டிய வரைபடம்

என் மேசை லாச்சிக்குள் ஒரு சின்ன பிளாஸ்ரிக் பெட்டி கிடக்கிறது. அதற்குள் விரல் நகமளவு சிலிக்கன் துண்டு. நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால், அதன் நடுவில் காய்ந்த பழுப்புத் துளிகள் தெரியும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு டொக்டர் அண்ணையின் வாய்தான் நினைவுக்கு வரும். ஸ்னூஸ் என்று இந்த நாட்டில் விற்கும் புகையிலைப் பொட்டலத்தை மேலுதட்டுக்குள் அடக்கி வைத்திருப்பார். ஊறி முடிந்ததும் விரலால் தோண்டி எடுத்து, கைக்கு எட்டிய ஏதாவது கோப்பைக்குள் போட்டுவிடுவார். ஒருநாள் அது என் கோப்பையாக இருந்தது. கோப்பியைக் குடித்து முடிக்கும்போதுதான் கண்டேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

அவர் ஒஸ்லோவில் எங்கள் ஆய்வுக் குழுவின் தலைவர். யாழ்ப்பாணத்து ஆள். கருவிகளை இயக்கும் வேலைக்கு என்னை எடுத்தவரும் அவரே. எங்கள் வேலை காந்தத்தை உரிப்பது. குரோமியமும் அயடீனும் சேர்ந்த கறுப்புப் பளிங்கைச் செலோரேப்பில் ஒட்டிப் பிரித்து, மறுபடி ஒட்டிப் பிரித்து, ஒரே ஒரு படலம் மிஞ்சும்வரை உரித்துச் சிலிக்கன் துண்டில் பதிக்க வேண்டும். காற்றுப் பட்டால் அது சில நிமிடங்களில் பழுப்புத் துளிகளாகக் கசிந்து கெட்டுவிடும். அதனால் எல்லாமே ஆர்கன் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள்தான். அதில் பொருத்திய தடித்த றப்பர்க் கையுறைகளுக்குள் கையை விட்டு வேலை செய்வோம். பிறகு கடுங்குளிரில் வைத்து லேசர் ஒளியைப் பாய்ச்சுவோம். பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வுத் தளம் மயிரளவு திரும்பியிருக்கும். காந்தப்புலத்தைக் கூட்டிக் குறைத்து அந்தத் திருப்பத்தை வரைந்தால், ஒரு படலமென்றால் நடுவில் ஒற்றை வளையம் வரும். இரண்டு படலம் ஒன்றையொன்று எதிர்த்து நின்று நடுவில் எதையும் காட்டாது. மூன்றென்றால் நடுவில் வளையமும், இரண்டு கரைகளிலும் ஒவ்வொரு படியும் வரும். அந்தப் படிகளை நாங்கள் காது என்போம்.

அன்று திரையில் வந்த கோட்டில் இரண்டு காதுகளும் நன்றாகத் தெரிந்தன. டொக்டர் அண்ணை என் தோளுக்கு மேலாகக் குனிந்தார். புகையிலை நாற்றம் முகத்தில் அடித்தது.

"தம்பி, உந்த ரெண்டு காதையும் வெட்டிவிடும். வாசிக்கிறவைக்கு நடுவு மட்டும் காணும்."

"அண்ணை, அப்ப இது ஒரு படலம் எண்டெல்லோ நினைப்பினம்?"

"நினைக்கட்டுமன்."

வெட்டினேன். இரண்டு அழுத்தல்களில் முடிந்துவிட்டது. ஒற்றைப் படலத்தில் இவ்வளவு பெரிய திருப்பமா என்று வியக்கும்படி கட்டுரை வெளிவந்தது. ஒஸ்லோவின் வெஸ்ட்லிப் பகுதியில் மண்டபம் எடுத்து எங்கள் சனம் அவருக்குப் பாராட்டு விழா வைத்தது. பொன்னாடை போர்த்த என்னையே மேடைக்குக் கூப்பிட்டார்கள். "விஞ்ஞானத்தில நேர்மைதான் முதல், பிள்ளையள்" என்று அவர் ஒலிவாங்கியில் சொன்னபோது முன்வரிசைச் சிறுவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தச் சரிகையின் சொரசொரப்பை நினைத்தால் இப்போதும் கையைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

பிறகு தமிழ்நாட்டிலிருந்து ஒரு பெண் கலாநிதிப் பட்டத்துக்காக வந்து சேர்ந்தாள். அந்தக் கட்டுரையில் சொன்ன திருப்பத்தை முதலில் அவளும் அளந்து காட்ட வேண்டும். அவளுடைய ஆய்வு அதற்குமேல்தான் தொடங்கும். அவள் உரித்தவை அசல் ஒற்றைப் படலங்கள். ஆகவே திருப்பம் மிகச் சிறியதாக வந்தது, வரவேண்டியதும் அதுதான். இரண்டு மாரிக் குளிர்காலங்கள் முழுக்க அவள் உரித்தாள், அளந்தாள், திரும்ப உரித்தாள். ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லோருக்கும் முன்னால் டொக்டர் அண்ணை ஒரே கதையைச் சொன்னார்: "பிள்ளை, உம்மடை கை கூடுதலா வேர்க்குது. அதுதான் சாமான் பழுதாப் போகுது." தடித்த றப்பரைத் தாண்டி ஒரு துளி வியர்வைகூட உள்ளே போகாது என்பது அவருக்குத் தெரியாதா? அவள் பாவம், உள்ளுக்குப் பருத்திக் கையுறை போடத் தொடங்கினாள். ஒருநாள் என் மேசைக்கு வந்து இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். "அண்ணா, பாருங்க. வேர்க்கவே இல்லையே?" கழுவிக் கழுவி வெடித்துப்போன கைகள். "குளிருக்குள்ளை எல்லாருக்கும் தோல் வெடிக்கும்" என்று சம்பந்தமில்லாமல் எதையோ சொல்லிவிட்டுத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த மாரி முடிய, பட்டம் இல்லாமலே அவள் வெளியேறினாள்.

போன இலையுதிர் காலத்தில் டொக்டர் அண்ணை ஓய்வுபெற்றார். அதன் பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. இதைத் துணிவு என்று சொல்லவும் கூசுகிறது. அவள் இப்போது திராமன் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பிக்கிறாள். ரயிலேறிப் போய், ஆற்றங்கரைக் கோப்பிக்கடையில், வெட்டாத வரைபடத்தை அவள் முன்னால் வைத்தேன். அவள் இரண்டு காதுகளையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"மூணுன்னு எனக்கு அப்பவே தெரியும்ணா. வளையத்தோட சைஸைப் பார்த்தாலே தெரியுமே."

"பிறகேன் வாய் திறக்கேல்லை?"

"நான் சொன்னா, வேலை தெரியாதவ சாக்கு சொல்றான்னுதானே எடுத்துப்பாங்க? அளந்தது நீங்க. கையைக் காட்டினேன்ல, அன்னைக்கு நீங்க சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

அவளே பிறகு கேட்டாள்: "அந்த சாம்பிள் இன்னும் இருக்காண்ணா? திரும்ப ஒரு தடவை அளந்து காட்டிட்டா, அப்புறம் யாரும் மறுக்க முடியாது. என் கை மேல தப்பில்லைன்னு ஆகிடும்."

"காத்துப் பட்டுப் பழுதாப் போச்சுது" என்றேன். வரைபடத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று அவள் எழுந்து போனாள்.

சொன்னது பொய்யில்லை. இன்றும் லாச்சியைத் திறந்து பெட்டியைப் பார்த்தேன். அதே பழுப்புத் துளிகள். அவள் வெளியேறிய அன்று பின்னேரம், காது காட்டிய அந்தத் துண்டை ஆர்கன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து யன்னலோரம் காற்றில் வைத்தவன் நான். டொக்டர் அண்ணை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவருக்கு அது இன்றுவரை தெரியாது.