பித்தப்பை போன வாரம்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுத்தரும் அவளை 'பிரேக் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கற்றுக்கொள்பவர் தடுமாறினால், பக்கத்து இருக்கையில் தனக்கென்று இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்துவிடுவாள். வாய் திட்டுவதற்குள் கால் முந்திக்கொள்ளும். அவளிடம் படித்துத் தேறாதவர் ஒருவர்தான்: கணவர். கல்யாணமான புதிதில் காரில் தினமும் சண்டை. "உங்களுக்கு இது வராதுங்க" என்று சாவியை வாங்கிவிட்டாள். திரைச்சீலை தைக்கும் அந்த மனிதர் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பொரித்ததைத் தின்றால் வலது விலாவுக்கு அடியில் முறுக்கிப் பிடிக்கும். வாயுத் தொல்லை என்று தட்டிக்கழித்து வந்தாள். ஒருநாள் பயிற்சியின் நடுவே உயிர்போகிற வலி வர, ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை நிறையக் கல்.

"வயித்தைப் பெரிசா கிழிக்க மாட்டோம். நாலு சின்ன ஓட்டை. ஒண்ணு வழியா கேமரா விட்டு, திரையில பாத்துக்கிட்டே பையை எடுத்துடுவோம். உள்ள சிக்கலா இருந்தாத்தான் பெரிசா வெட்டணும், அது அபூர்வம்" என்றார் டாக்டரம்மா.

"பை இல்லாம சாப்பாடு செரிக்குமா?"

"பித்தம் சுரக்கிறது கல்லீரல்லதான். பை சேத்து வெக்கிற இடம், அவ்வளவுதான். இனி நேரா குடலுக்குப் போகும். கொஞ்ச நாள் வயிறு முன்னபின்ன இருக்கும், பழகிடும்."

"வண்டி எப்போ ஓட்டலாம்?"

"பிரேக்கை ஓங்கி மிதிச்சாலும் வலிக்காதுன்னு ஆனப்புறம்."

மயக்கம் தெளிந்தபோது வயிற்றைவிடத் தோள்பட்டைதான் குடைந்தது. கட்டிலில் மாற்றும்போது எங்கேயாவது இடித்துவிட்டார்களோ என்று நர்ஸிடம் கேட்டாள்.

"வயித்தை உப்ப வெக்க கேஸ் ஏத்தினோம்ல, அதோட மிச்சம். எழுந்து நடங்க, குறைஞ்சிடும்."

"டயருக்குக் காத்தடிக்கிற மாதிரியா?" என்று கேட்டுச் சிரித்தவள், தையல் சுரீரென்று இழுக்கவும் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

மறுநாளே வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வாசலில் அவளுடைய சொந்தக் கார். ஸ்டியரிங் முன்னால் கணவர்.

"விளையாடாதீங்க. இறங்குங்க."

அவர் லைசென்ஸை எடுத்து நீட்டினார். "வாங்கி ரொம்ப நாளாச்சு. வேற ஸ்கூல்ல."

"எங்கிட்ட சொல்லவே இல்ல."

"சொன்னா பக்கத்துல வந்து உக்காந்துப்பியே."

பெல்ட் தையலில் படாமலிருக்க, அவரே தைத்த குட்டித் தலையணையை வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் திருப்பத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அவள் கால் வெறும் தரையை மிதித்தது. தொப்புளுக்கு அருகே ஊசி குத்தியது போலிருந்தது. கார் அதற்கு முன்பே நிதானமாகிவிட்டிருந்தது. அவர் சைக்கிளை முன்பே பார்த்திருந்தார்.

"யாரு கத்துக்குடுத்தது?"

"ஒரு வயசானவர். பாதி நேரம் தூங்கிடுவாரு."

வீட்டுக்கு வந்தும், அவர் தன்னிடம் சொல்லாமல் கற்றுக்கொண்டது அவளுக்கு ஆறவில்லை. தோள்வலி இரண்டொரு நாளில் போனது. வெயிட் தூக்கக் கூடாது என்பதால் வாளிகூட அவர் கைக்குப் போனது. மெதுவாகக் கூடத்தில் நடந்துகொண்டே, இத்தனை வருஷத்தில் எத்தனை பேரிடம் "வராது" என்று சொல்லியிருப்போம் என்று யோசித்தாள். சொன்னதாக நினைவில் நின்றது இவரிடம் மட்டும்தான். அதையும் அவள் ஒரு வேடிக்கையாகவே எல்லோரிடமும் சொல்லிவந்தாள்.

காயத்தைக் காட்டப் போன அன்று, வண்டி நின்றதும் கேட்டாள்.

"அன்னைக்கு உங்களுக்கு வராதுன்னு நான் சொன்னதை மனசுலயே வெச்சிருந்தீங்களா?"

அவர் இன்ஜினை அணைத்தார். "இருந்துச்சு."

"தப்புதாங்க."

"சரி, மெதுவா இறங்கு" என்றார் அவர், கதவைத் திறந்து பிடித்தபடி.