கழுதை வரைக்கும் மூச்சு வாங்கக் கூடாது

பள்ளிக்கூடச் சமையல்காரி இத்தோ நாற்பத்து நான்கு வயதில் ஓட ஆரம்பித்தபோது ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அட்லஸ் மலைச்சரிவில் இருக்கும் ஊர். தண்ணீருக்குப் போனாலும் ஏற்றம், கல்யாணத்துக்குப் போனாலும் ஏற்றம். ஓடுகிறவளுக்கு ஏதோ அவசரம் என்று விட்டுவிட்டார்கள். போன வருடம் அறுபது கிலோமீட்டர் மலைப் பந்தயத்துக்கு அவள் பெயர் கொடுத்த பிறகுதான் பேச்சு கிளம்பியது.

பந்தய நாளில் அவள் செய்தது சுத்த அசட்டுத்தனம். அக்ரூட் மரத்தடியில் ஊரே நின்று குலவையிட்டது. இத்தனை பேர் பார்க்கும்போது நடப்பதாவது என்று முதல் ஏற்றத்தை ஓடியே ஏறினாள். வெளியூர்க்காரிகளையெல்லாம் முந்தினாள். நாற்பதாவது கிலோமீட்டரில் வயிறு மூடிக்கொண்டது. குடித்த தண்ணீரும் வெளியே வந்தது. கடைசி மேட்டின் உச்சியில் இருக்கும் சாவடியை ஐந்து மணிக்குள் தொட வேண்டும். அவள் தொட்டது ஐந்து மணி நான்கு நிமிடத்துக்கு. கடிகாரத்தோடு நின்றவர் அவள் நெஞ்சில் குத்தியிருந்த எண் அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். கீழே மூன்று கிலோமீட்டரில் ஊர். தன் வீட்டுக் கூரைகூடத் தெரிந்தது. அந்த மூன்று கிலோமீட்டரை ஜீப்பில் உட்கார்ந்து இறங்கினாள். அந்த நான்கு நிமிடம் வருடம் முழுக்க அவள் தொண்டையில் முள்ளாக நின்றது.

சுகாதார நிலையத்து நர்ஸ் இல்ஹாம் தானும் மலையோடுகிறவள். இத்தோ அவளிடம் போய் நின்றாள்.

"இன்னும் எவ்வளவு வேகமா ஓடினா பலம் ஏறும், சொல்லு."

"இப்போ ஓடறதுல பாதியாக் குறைங்கக்கா, ஏறும்."

"விளையாடறியா?"

"நிஜமாத்தான். ஓடும்போது பேச முடியணும், திணறாம. திணறினா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். வாரத்துல ஒரு நாள் திணறுங்க, போதும். மெதுவா ஓடினாத்தான் உடம்பு கொழுப்பை எரிச்சு ஓடப் பழகும். வேகமாப் போனா சர்க்கரை தீர்ந்துபோய் நாப்பதுல உக்கார வச்சிடும். செங்குத்துல முட்டியில கைய ஊன்றி நடங்க."

"நடக்கறதுக்கு நெஞ்சுல நம்பர் எதுக்குடி?"

"போன தடவை ஓடி என்னத்தைக் கண்டீங்க?"

இத்தோ அதை ஏற்றுக்கொண்டாள். ஆனால் தனியாக ஓடுகிறவள் யாரோடு பேசுவது? இதற்குப் பதில் கடைசி மேட்டின் பாதியில், தன் வீட்டு வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தது. ரக்கியா. கணவனை இழந்தவள், பிள்ளைகள் நகரத்தில், நாக்கு மட்டும் வீட்டிலேயே இருந்தது.

"ஏண்டி இத்தோ, வருஷம் பூரா என் வாசல் வழியாத்தானே ஓடறே? ஒரு நாளாவது நல்லா இருக்கியான்னு கேட்டியா? நெஞ்சுல நம்பர் ஏறினதும் மண்டையில கனமும் ஏறிடுச்சோ?"

வெட்கத்தில் இத்தோ ஓடிக்கொண்டே விசாரிக்கத் தொடங்கினாள். அந்தப் பள்ளத்தாக்கில் நலம் விசாரிப்பது ஒரு வார்த்தையில் முடிகிற காரியமில்லை. உடம்பு எப்படி, வீடு எப்படி, பிள்ளைகள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், பார்லி, கோழிகள் என்று போய்க் கடைசியில் தண்ணீர் சுமக்கும் கழுதையில் வந்து நிற்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் "நல்லா இருக்கு, கடவுளுக்கு நன்றி" என்று ரக்கியா சொல்வாள். அன்று பிள்ளைகளைத் தாண்டுவதற்குள் இத்தோவுக்கு இரைத்தது.

"மருமகளுங்களை விட்டுட்டியே!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

இத்தோ நின்றாள். நர்ஸ் சொன்ன அளவுகோல் கையில் கிடைத்துவிட்டது.

அன்று முதல் ரக்கியாவுக்கும் ஒரு வேலை கிடைத்தது. "கோழிக்கிட்ட மூச்சு வாங்கினே. குறை!" என்று அதட்டுவாள். வழியில் சாப்பிட்டுப் பழகினால்தான் பந்தயத்தில் வயிறு மூடாது என்று இல்ஹாம் சொன்னாள். ஆனால் பாதையில் நடந்துகொண்டே மெல்லும் பெண்ணை யார் மதிப்பார்கள்? ரக்கியா பாதையைக் காவல் காக்க, இத்தோ பாறைக்குப் பின்னால் உப்பிட்ட உருளைக்கிழங்கையும் பேரீச்சையையும் விழுங்கினாள். ஒரு மாதத்தில் வெட்கம் போய் ஊர் நடுவிலேயே மென்றாள். பார்லி அறுப்பு முடிந்த சமயத்தில், போன வருடத்து வேகத்திலேயே ஏறினாலும் கழுதை வரைக்கும் மூச்சு வாங்கவில்லை. அவள் கணவன் பாஸ்ஸு மட்டும், "ஆமை ஓடக் கத்துக்குது" என்று கேலி செய்துகொண்டிருந்தான்.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது இல்ஹாம் ஓட்டத்தைப் பாதியாக வெட்டினாள். "இனிமே உடம்பு ஆறணும். புதுசா எதுவும் வேண்டாம். அதே செருப்பு, அதே சாப்பாடு, அதே வழி. ஒண்ணையும் மாத்தாதீங்க." இத்தோ இதை அப்படியே ரக்கியாவிடம் ஒப்பித்தாள். ரக்கியா அன்று ஏனோ அதிகம் பேசவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "சரி, ஒண்ணையும் மாத்த வேண்டாம்" என்றாள்.

பந்தயத்தன்று இத்தோ முதல் ஏற்றத்தை நடந்து ஏறினாள். அக்ரூட் மரத்தடியில் குலவை பாதியில் நின்றது. "என்ன, இப்பவே களைச்சுட்டாளா?" என்று யாரோ கேட்டார்கள். காது எரிந்தது, ஆனாலும் நடந்தாள். நாற்பதில் உருளைக்கிழங்கு உள்ளே போனது, உள்ளேயே தங்கியது. ஐம்பதுக்கு மேல் தொடைகள் கல்லாகிவிட்டன. கடைசி மேட்டின் அடியில் கடிகாரம் நான்கு முப்பத்தெட்டு காட்டியது. பயத்தில் கால்கள் தாமாக ஓடப் பார்த்தன. போன வருடமும் இங்கேதான் அடித்துப் பிடித்து ஓடி மூச்சடைத்து விழுந்தாள்.

"இத்தோ! விசாரிக்காமப் போயிடுவியா?" என்று மேலே வாசல் கல்லிலிருந்து ரக்கியா கத்தினாள்.

இத்தோ வேகத்தைக் குறைத்தாள். முட்டியில் கையை ஊன்றி, உடம்பு, வீடு, பிள்ளைகள், மருமகள்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டபடி ஏறினாள்.

"கழுதை?"

ஒரு நொடி தாமதித்து ரக்கியா சொன்னாள். "நல்லா இருக்கு, கடவுளுக்கு நன்றி. போடி!"

சாவடியில் மணி நான்கு ஐம்பத்து மூன்று. ஊருக்குள் இறங்கும்போது பாஸ்ஸு தலைப்பாகைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான், தூசு என்றான்.

மறுநாள் காலை, மடங்க மறுக்கும் கால்களோடு, ஊர் வழக்கப்படி பரிசாகக் கொடுக்க ஒரு சர்க்கரைக் கூம்பை எடுத்துக்கொண்டு இத்தோ ரக்கியாவைப் பார்க்கப் போனாள். ரக்கியா ஆற்றிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தாள், முதுகில் தண்ணீர் கேனைக் கட்டிக்கொண்டு.

"அக்கா, கழுதை எங்கே?"

"செத்துப்போய் மூணு வாரம் ஆச்சு."

"தினம் நல்லா இருக்குன்னு சொன்னியே!"

"ஒண்ணையும் மாத்தக் கூடாதுன்னு நீதானே சொன்னே? கழுதை வரைக்கும்தானே உன் கணக்கு. அது இல்லேன்னா எதை வச்சு அளப்பே?"

இத்தோ கேனை அவிழ்த்துத் தன் முதுகில் கட்டிக்கொண்டாள்.

"உன் கால் இருக்கற லட்சணத்துக்கு இது வேறயா!"

"மெதுவா நடந்தா கால் சீக்கிரம் சரியாகும்னு நர்ஸ் சொல்லியிருக்கா."

"அப்படின்னா விசாரிச்சுக்கிட்டே ஏறு, பார்ப்போம்."

உடம்பு, வீடு, பிள்ளைகள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், பார்லி, கோழிகள். அதற்கு மேல் இத்தோவுக்குக் குரல் வரவில்லை.

"பார்த்தியா, திணறுது," என்றாள் ரக்கியா. "வேகம் ஜாஸ்தி. மெதுவா நட."