சுண்ணாம்புக்கு முன் சுரண்டிய கூரை

முதலில் என்னை நிறுத்தியது மாடிப்படி அல்ல, ஒரு வாக்கியம். மனைவி சரோஜாவின் சாம்பாரைக் குறை சொல்லத் தொடங்கினேன். பாதியில் மூச்சு தீர்ந்துபோனது. விதிகளை உட்பிரிவோடு ஒப்பித்தே ஓய்வுபெற்ற கருவூல அலுவலர் நான்.

"இன்னாங்க இது, திட்டக்கூட மூச்சு இல்லியா? கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு" என்றாள் சரோஜா.

ஸ்கேனில் ப்ளூரல் எஃப்யூஷன் (நுரையீரல் உறைக்குள் நீர் கோத்தல்) தெரிந்தது. உறையில் அங்கங்கே தடிப்பு.

"கும்மிடிப்பூண்டில எந்த கம்பெனில இருந்தீங்க?" என்றார் டாக்டர், எங்கள் பக்கத்துத் தொழிற்பேட்டையை நினைத்து.

"கம்பெனி இல்ல டாக்டர், கருவூலத்து நாற்காலிதான்."

"வீட்டுக் கூரை?"

"பழைய சிமென்ட் ஷீட்டு."

புதுவாயல் பக்கம் எங்கள் தெருவே செய்வதைச் சொன்னேன். கோடைக்கு முன் மேலே ஏறி, காய்ந்த பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, அறை குளிரச் சுண்ணாம்பு அடிப்போம். டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். பழைய ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார் என்னும் கனிம இழை) கலந்திருக்கும். சுரண்டினால், துளையிட்டால், உடைத்தால் இழை பறந்து மூச்சில் ஏறும். நோய் பல வருடம் கழித்தே முகம் காட்டும் என்றார்.

நீரை வடித்தார்கள். புற்றுநோயா என்று அறிய பயாப்ஸி (திசுவைக் கிள்ளிச் சோதித்தல்). எந்தக் கோப்பு எந்த மேசையில் தூங்கும் என்று அறிந்தவன் நான். என் மார்பின் துணுக்கு எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

"புற்றுநோய் இல்லை. தடிப்பு இருக்கும், தொடர்ந்து பார்க்கணும்" என்றார் டாக்டர். அவரைக் கட்டிக்கொள்ள விதியில் இடமில்லை, கட்டிக்கொண்டேன்.

சரோஜாவோடு ஆட்டோவில் திரும்பினேன். எங்கள் கூரையோரம் ஏணி. அதன் உச்சியில் அவள் தம்பி ராஜி, கையில் கம்பி பிரஷ். நான் வருவதற்குள் அறையைக் குளிர்விக்கிறானாம்!

"டேய் ராஜி, ஷீட்டுல கை வெக்காத, அந்தத் தூளு உள்ள போனா வெளிய வராது, பிரஷ்ஷை அப்டியே வெச்சிட்டு மொதல்ல கீழ எறங்குடா!"

தெருவே திரும்பியது.

"இன்னா மாமா, உன் ஆவிதான் கத்துதுன்னு பயந்துட்டேன்!" என்று ஏணியைக் கட்டிப்பிடித்தான் ராஜி.

சரோஜா என் கையைப் பற்றினாள். "முழுசா சொல்லிட்டீங்க" என்றாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஒரே மூச்சு!

பிறகு விவரம் தெரிந்த ஆட்கள் கவசம் அணிந்து, ஷீட்டை நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்கினார்கள். உங்கள் தலைக்கு மேல் அது இருந்தால் சுரண்டாதீர்கள்; நீங்களே கழற்றவும் வேண்டாம்.

அடுத்த ஸ்கேன் வரும். அதுவரை என் நாட்களை வாக்கியங்களால் அளக்கிறேன். இன்றும் சாம்பாரில் உப்பு குறைவு. முற்றுப்புள்ளி வரை சொன்னேன். சரோஜா முழுவதும் கேட்டாள்.