எல்லாம் உண்டு

எங்கள் பள்ளியில் இருந்தது ஐந்து வகுப்பு, ஒரு அறை, ஒரு கரும்பலகை. கரும்பலகையின் கீழ்ப்பாதியைக் கரையான் தின்றுவிட்டதால் கணக்கும் தமிழும் பூகோளமும் மேல்பாதியில்தான். நான் குள்ளம். எட்டி எட்டி எழுதியே தோள்பட்டை வலி வந்தது. பிள்ளைகள் தரையில் உட்காருவார்கள். மழை வந்தால் தரையும் கிடையாது, லீவு. இதெல்லாம் அறுபதுகளின் கடைசியில், ஊத்துக்கோட்டையில் பஸ் பிடித்து இறங்கி, ஆரணி ஆற்றங்கரையோடு ஒரு மைல் நடந்தால் வரும் ஊரில்.

தலைமையாசிரியர் ஒருவர், உதவி ஆசிரியை நான் ஒருத்தி. அவரிடம் எந்த வியாதிக்கும் ஒரே மருந்துதான்: "ஒப்பேத்திடலாம் டீச்சர்." கூரை ஒழுகினாலும் ஒப்பேற்றலாம், சாக்பீஸ் தீர்ந்தாலும் ஒப்பேற்றலாம். மத்தியான உப்புமாவில் வண்டு கிடந்த அன்றும் அதையேதான் சொன்னார். மனிதர் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அந்த வருஷம் யூனியன் ஆபீசிலிருந்து ஒரு சேதி வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு பள்ளிக்கு ஆறாம் வகுப்பு வரப்போகிறது, கூடவே புது அறை, பெஞ்சு, நிலப்படம். எந்தப் பள்ளிக்கு என்பதைப் புதிதாக மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்து முடிவு செய்வார். களத்தில் இருந்தவை இரண்டே பள்ளிகள். ஒன்று எங்களுடையது. இன்னொன்று ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது.

எனக்கு இதில் ஒரு சுயநலம் இருந்தது. ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண். நான் பாதி வாக்கியம் சொல்வதற்குள் மீதியை அவள் முடித்துவிடுவாள். சில நாள் அவளுக்குப் பயந்து முந்தின நாளே பாடத்தைப் படித்துக்கொண்டு போயிருக்கிறேன். அவள் அப்பா நெல் விவசாயி. "இந்த ஊர்ல ஆறாவது வந்தா படிக்கட்டும் டீச்சர். ஆத்தத் தாண்டி பொண்ண அனுப்ப மாட்டேன். ஐப்பசில தண்ணி வந்தா யாரு பொறுப்பு?" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். எனக்கே நீச்சல் தெரியாது.

"பள்ளிக்கூடம் ஜோரா இருந்தாத்தான் டீச்சர் குடுப்பாங்க. ஒண்ணுமில்லாத இடத்துல கொண்டாந்து யாரு கொட்டுவாங்க?" என்றார் தலைமையாசிரியர். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அதுதான் வெட்கக்கேடு. ஆகவே இரவல் வாங்கிவர முடிவானது. சுற்றுவட்டாரத்தில் பெஞ்சு இருந்தது அக்கரைப் பள்ளியில் மட்டும்தான், அதுவும் அந்த ஊர்ப் பணக்காரர் ஒருவர் புண்ணியத்தில். போட்டி போடுகிறவனிடமே போய்ச் சாமான் கேட்ட புத்திசாலிகள் ஜில்லாவிலேயே நாங்கள்தான்.

அக்கரைத் தலைமையாசிரியர் வாய் நிறையச் சிரித்தார். "எடுத்துனு போங்க சார், நமக்குள்ள இன்னா? பெஞ்சு, மேப்பு, கடியாரம், இன்னா வேணுமோ எடுத்துக்கினு போங்க. திருப்பிக் குடுக்க அவசரமே இல்ல. இன்ஸ்பெக்டர் போனதுக்கு மறுநாள் அனுப்புனா போதும்."

மாசி மாதம், ஆற்றில் மணல்தான். மாட்டுவண்டியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்தோம். "தங்கமான மனுஷன்" என்று தலைமையாசிரியர் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். நிலப்படம் மாட்ட எங்களிடம் ஆணி இல்லை. அதையும் அக்கரைக்காரரே ஒரு பொட்டலத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்.

எங்கள் பிள்ளைகளுக்கு பெஞ்சு புதிது. பாதிப் பேர் அதன்மேல் ஏறிக் குந்திக்கொண்டார்கள். காலைத் தொங்கப்போடப் பழக்குவதற்குள் ஒரு மத்தியானம் போயிற்று. "பெஞ்சு யாருதுன்னு கேட்டா நம்பளுதுன்னு சொல்லணும்" என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். என் வாயால்தான்.

இன்ஸ்பெக்டர் காலையில் வந்தார். கையில் ஒரு படிவம். இடது பக்கம் சாமான் பெயர், வலது பக்கம் உண்டு, இல்லை. அவர் ஒவ்வொன்றாகப் படிக்க, எங்களவர் "உண்டு சார், உண்டு சார்" என்று பின்பாட்டுப் பாடினார். அந்த வேகத்தில் கழிப்பிடத்துக்கும் உண்டு என்றுவிட்டார். நல்லவேளை, இன்ஸ்பெக்டருக்கு அந்த நேரத்தில் அதன் தேவை வரவில்லை.

பிறகு அந்தப் பெண்ணை எழுப்பிக் கேட்டார். "தினமும் இந்த பெஞ்சுலதான் உக்காருவியா?"

"ஆமா சார். ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து இதுலதான். அந்தப் பக்கம் காலு ஆடும் சார், அதான் நான் இந்த ஓரமா உக்காருவேன்."

கடைசி வரி நான் சொல்லிக்கொடுக்காதது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஏதோ எழுதிக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டு, மத்தியானம் அக்கரைக்குப் போனார்.

அங்கே நடந்ததை மறுநாள் சாமான்களைத் திருப்பி எடுத்துப்போக வந்த வண்டிக்காரர் சொன்னார். அவருக்கு அக்கரைதான் ஊர், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "புள்ளைங்க மொத்தமும் தரையில குந்திக்கினு இருக்குது டீச்சர். செவுத்துல மேப்பு மாட்டுன ஓட்டைதான் இருக்குது. எங்க சாரு கையக் கட்டிக்கினு 'இல்ல சார், இல்ல சார்'னே சொல்லிக்கினு இருந்தாரு. பாக்கவே பாவமா இருந்துச்சு."

எனக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. ஜூன் மாதம் உத்தரவு வந்தது. எதுவுமே இல்லாத பரிதாபத்துக்காக அக்கரைப் பள்ளிக்கு ஆறாம் வகுப்பு. எங்களுக்கு ஒரு வரி: வசதிகள் போதுமானவை, கூடுதல் உதவி தேவையில்லை.

தலைமையாசிரியர் அதை இரண்டு முறை படித்தார். "நல்லாத்தானே எழுதியிருக்காரு டீச்சர்?" என்றார். கடைசிவரை அந்த அக்கரை மனிதர் திட்டம் போட்டுத்தான் கொடுத்தார் என்பதை அவர் நம்பவில்லை. இவரைச் சொல்லி என்ன பிரயோஜனம்? பிள்ளைக்கு வரி வரியாகப் பாடம் பண்ணிக்கொடுத்தவள் நானல்லவா. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

சம்பா நடவு சமயத்தில் வரப்போடு பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பெண் முழங்கால் சேற்றில் நின்று நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"டீச்சர், நாங்க தரையிலதான் குந்துவோம்னு சொல்லியிருந்தா, நம்ம ஊருக்கு ஆறாவது வந்திருக்குமா?"

பொய் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. "வந்திருக்கும்" என்றேன்.

அவள் கையிலிருந்த நாற்று முடியை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டாள். "ஆனா நீங்க சொல்லிக்குடுத்தத நான் கரெக்டாத்தானே சொன்னேன்?"

"கரெக்டாத்தான் சொன்ன."

"காலு ஆடும்னு நானாத்தான் சேத்துக்கினேன் டீச்சர்" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு குனிந்து அடுத்த நாற்றை ஊன்றினாள்.