சீசனுக்கு முந்தின வீடு

பர்மாவிலிருந்து விரட்டப்பட்டு வந்த இப்ராம்சாவுக்குப் பழனியில் வாடகை கட்டுப்படியாகவில்லை. ஆயக்குடியில் மலிவாக ஒரு வீடு கிடைத்தும், வெக்கையில் பிள்ளைகள் வாடுமென்று அவன் மனைவி பதுருன்னிசா உதறிவிட்டாள். ஐப்பசி மழையில், அதைவிடக் குறைந்த வாடகைக்குக் கொடைக்கானலில் கண்ணாடிச் சன்னல் வைத்த வீடே அமைந்தது. இனி யாரும் நம்மைக் கிளப்ப முடியாதென்று நம்பினாள்.

பங்குனிக் கடைசியில் வீட்டுக்காரர் சுப்புராஜ் வந்து வாசலிலேயே நின்றார். "பாய், வெரசா காலி பண்ணுங்க. சீசனுக்கு மெட்ராஸ்காரங்க வாராங்க. மழை புடிச்சதும் நீங்களே வந்துக்கங்க."

"புள்ளைகளோட எங்கங்க போறது?" என்றாள் பதுருன்னிசா.

"மழைக்குக் குடியிருக்கவங்க வெயிலுக்கு எறங்கிருவாங்க. இங்க எல்லாருக்கும் தெரியுமே."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "மழை முச்சூடும் எங்க அடுப்பு எரிஞ்சாத்தான் உங்க சுவரு பூசணம் புடிக்காது. அதுக்குத்தான் கொறைச்ச வாடகையா?"

"பெறகென்ன, உங்க மூஞ்சிக்கா?"

இப்ராம்சா அவள் காதருகே கெஞ்சினான். "சண்ட வேணாம் புள்ள. மழைக்கு வீடு வேணும்ல."

பதுருன்னிசா உள்ளே போனாள். குடத்துத் தண்ணீரை அப்படியே எரிகிற அடுப்பில் கவிழ்த்தாள். புகை வாசல்வரை வந்தது.

"ஐப்பசிக்கு வேற ஆளப் பாத்துக்கங்க" என்றாள்.