ஒரு தலை குறைந்த வாள்

படத்தில் வரும் வாளைச் செய்வதற்குப் படம் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. பேருந்தில் ஜன்னலோர இருக்கையும், சிவப்பு விளக்கில் கொஞ்ச நேரமும் கிடைத்தால் போதும். பதினோரு வயதில் இதை நான் நிரூபித்தேன். பாதி நிரூபித்தேன் என்பதுதான் சரி. மீதிப் பாதிதான் இந்தக் கதை.

அப்போது மந்தைவெளியில் மூன்று மாடிக் குடியிருப்பொன்றில் இரண்டாவது மாடியில் இருந்தோம். தவக்காலம் தொடங்கிய அதே வாரத்தில் அந்த ராஜா படம் வெளியாகிவிட்டது. எங்கள் வீட்டில் நாற்பது நாளைக்குக் கறி கிடையாது, முட்டை கிடையாது, சினிமா கிடையாது. இது அப்பாவின் சட்டம். கறியை விடுவது எனக்குச் சுலபமாக இருந்தது, கறி எங்கும் ஓடிப்போகாது. படம் ஓடிப்போகும். ஈஸ்டர் வருவதற்குள் தியேட்டரை விட்டே தூக்கிவிடுவார்கள்.

குடியிருப்பின் மற்ற பிள்ளைகளுக்குத் தவக்காலம் இல்லை. ஞாயிறு மாலைகளில் மொட்டை மாடியில் அந்தப் படம் மறுபடி ஓடியது, அவர்களே நடித்து. இயக்குநர் கீழ்வீட்டு அண்ணன். பத்தாம் வகுப்பு, நான்கு தடவை பார்த்தவன். அவன் வைத்த விதி எளிமையானது. படம் பார்த்தவர்கள் மனிதர்கள், பார்க்காதவர்கள் குதிரைகள். இரண்டு ஞாயிறுகள் நான் குதிரையாக இருந்தேன். முட்டி தேய்ந்தது. மூன்றாவது ஞாயிறு, முதுகில் மந்திரி ஏறுவதற்கு ஒரு நொடி முன்பு, நானும் படம் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். எங்கே என்றார்கள். வடபழனியில், சித்தி வீட்டுக்குப் போனபோது. பொய் அவ்வளவு வழவழப்பாக வந்தது, எனக்கே அந்தத் தியேட்டரின் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

கீழ்வீட்டு அண்ணன் சத்தம் போடவில்லை. அடுத்த ஞாயிறு ராஜாவின் வாளைச் செய்துகொண்டு வா என்றான். பார்த்தவளுக்கு வாள் தெரியும். சரியாக இருந்தால் நீ ராஜா. தப்பாக இருந்தால், வடபழனியில் எந்த ஷோ என்று உங்கப்பாவிடமே கேட்டுக்கொள்கிறேன். தவக்காலத்தில் சினிமா பார்த்தேன் என்று சொன்னாலும் குற்றம், பார்க்காமலே பார்த்ததாகச் சொன்னேன் என்றாலும் குற்றம். நடுவில் நிற்க இடமில்லை.

ஆனால் நான் கலங்கவில்லை. லஸ் முனையில் ராஜா நின்றுகொண்டிருந்தார். மூன்று மாடி உயரம், கையால் வரைந்த பேனர், ரோஜாப்பூ நிறக் கன்னம், ஓங்கிய வாள். பள்ளிக்கூடப் பேருந்து அங்கே தினமும் நிற்கும். திங்களன்று கைப்பிடியில் இருந்த பறவையின் இடது இறக்கையை வரைந்தேன். செவ்வாய் வலது இறக்கை. புதன் இரண்டு தலைகளும். ஆம், இருதலைப் பறவை, ஒன்றுக்கொன்று முகம் திருப்பிக்கொண்டு. அளவுக்கு என்ன செய்வது? ராஜாவின் முஷ்டி எங்கள் வீட்டுக் கதவளவு இருந்தது. அதனால் என்ன. அவர் முஷ்டியால் வாள் எட்டு முஷ்டி என்றால், என் முஷ்டியாலும் எட்டு. கணக்கில் நான் வாங்காத மதிப்பெண் அந்த ஜன்னலில் கிடைத்தது.

முதல் வாள் செத்தது. ரேடியோப் பெட்டிக்குள் வந்த தெர்மாகோலை அறுத்து, அப்பா ஜன்னல் கம்பிக்கு அடித்து மீந்திருந்த வெள்ளி பெயிண்டில் தின்னர் கலந்து பூசினேன். என் கண்ணெதிரே வாள் குழிந்து, சுருங்கி, கடைசியில் கடித்துப்போட்ட கரும்புச் சக்கை மாதிரி ஆகிவிட்டது. பெயிண்டு தெர்மாகோலைத் தின்னும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இரண்டாவது வாளுக்கு டியூப்லைட் வந்த அட்டையைப் பிரித்து மடித்தேன், உள்ளே மர ஸ்கேல், மேலே மைதாப் பசையில் தினசரித்தாள் மூன்று சுற்று. காய்ந்த பிறகு வெள்ளி. பறவை மட்டும் அறுந்துபோன ரப்பர் செருப்பு. குதிகால் பக்கம் தடிமன் அதிகம், பிளேடுக்கு வெண்ணெய் போல வழிவிடும். பவுடர் டப்பா மூடி கைப்பிடிக்குக் கீழே போயிற்று. கண்களுக்கு, அறுந்த ஜெபமாலையின் சிவப்பு மணிகள் நான்கு. மாதாவிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து கடைசிப் பூச்சும் பூசி, சமையலறை வாசலில் காய வைத்தேன். அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட டீச்சர், சனிக்கிழமைகளிலும் பள்ளியில் வேலை இருக்கிறதென்று போவாள். வாளை எடுத்தாள், முன்னும் பின்னும் திருப்பினாள், எடை பார்த்தாள். முகத்தில் ஒரு மகிழ்ச்சி வந்தது. பிறகு கத்தரிக்காய்க் கத்தியை வைத்து, இடது பக்கத் தலையை ஒரே சீவாகச் சீவிவிட்டாள்.

நான் அலறினேன். மூன்று நாள் செதுக்கிய தலை கத்தரிக்காய்த் துண்டுகளுக்கு நடுவில் கிடந்தது, சிவப்புக் கண்ணோடு.

"கத்தாதடி. இடைவேளைக்கு ரொம்ப முன்னாடியே இதுக்கு ஒரு தலைதான். ராஜாவோட தம்பிக்காரன் கோடாலியால வெட்டிடுவான். கேட்டா அப்படியே சொல்லு."

சொல்லிவிட்டு, வெட்டு நேராக இருக்கக் கூடாது, சாய்வாக இருக்க வேண்டும் என்று இன்னொரு சீவு சீவினாள். வெட்டுவாயில் கண்மையைத் தேய்த்துப் பழசாக்கினாள். அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. டீச்சர்களுக்கு எல்லாப் பதிலும் தெரியும், அது என் அன்றைய வேதம். எனக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது.

மாடியில் கீழ்வீட்டு அண்ணன் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்திருந்தான். பேனரைப் பார்த்துச் செய்திருப்பாள், இரண்டு தலை வைத்திருப்பாள், படத்தில் முக்கால்வாசி நேரம் ஒரு தலைதான் என்று அவர்களுக்கு முன்னாலேயே சொல்லி வைத்திருந்தானாம். நான் துணியைப் பிரித்தேன். அவன் எழுந்து கிட்டே வந்தான்.

"இன்னொரு தலய இன்னா பண்ணே?"

"தம்பிக்காரன் வெட்டிட்டான். கோடாலியால."

"எப்டி வெட்னான்?"

"சாய்வா."

வாளை வாங்கி, வெட்டுவாயை விரலால் தடவினான். கண்மை ஒட்டியது. தோற்றவன் அழகாகத் தோற்பதை நான் முதன்முதலில் அன்றுதான் பார்த்தேன். செமயா கீது என்று திருப்பிக் கொடுத்தான். குதிரை ஒன்று குறைந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு அவனே குனிந்தான். பத்தாம் வகுப்பு முதுகு, அகலமானது. அதன்மேல் உட்கார்ந்து மந்தைவெளி முழுவதையும் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிகள், கொடியில் காயும் வேட்டிகள், எல்லாம் என் நாடு.

அன்று சாயங்காலம் வாள் கூடத்துச் சுவரில் சாய்ந்திருந்தது. அப்பா அதை எடுத்துப் பார்த்து, பேனரில் இரண்டு தலை இல்லையா, எங்கே இன்னொன்று என்றார். பேனரை மட்டும் பார்ப்பது அவர் சட்டத்தில் சேராது போலிருக்கிறது. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. பிள்ளை ஆசையாகச் செய்ததை வெட்டினாயா என்று அம்மாவுக்குத் திட்டு விழும் என்று எனக்குத் தோன்றியது. கீழே விழுந்து உடைந்துவிட்டது என்றேன். கரண்டி மறுபடி ஓடியது.

பிறகு நான் உள்ளே போய், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அம்மாவிடம் பெரிய மனது பண்ணிச் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தாள். மகளைப் பார்க்கும் பார்வை இல்லை அது, ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலிக்காரியைப் பார்க்கிற மாதிரி. பிறகு வெல்லக்கட்டி ஒன்றை என் வாயில் போட்டாள்.

ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிற்றுக்கு முதல் நாள், செய்த பாவங்களை ஃபாதரிடம் ரகசியமாகச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனோம். எனக்கு முன்னால் அப்பா, இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். நான் வடபழனிப் பொய்யையும் ஜெபமாலை மணிகளையும் சொன்னேன், தண்டனையாக மூன்று அருள் நிறை மரியே ஜெபம் கிடைத்தது. அடுத்து அம்மா. முட்டி போட்டு மூன்றையும் சொல்லி முடித்தேன், அம்மா வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் கால் மாற்றி நின்றார்கள். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு செருப்புப் பறவையின் தலையைச் சீவியதற்கெல்லாமா ஃபாதரிடம் இவ்வளவு நேரம் மன்றாட வேண்டும், நான்தான் அப்போதே மன்னித்துவிட்டேனே என்று நினைத்துக்கொண்டேன்.